ஆகஸ்ட் விறகு

மைனஸ் ஐம்பத்து நான்கு.
இன்றும் பள்ளிக்கூடம் இல்லையென்று
யாகுட்ஸ்க் ரேடியோ சொல்லி முடிப்பதற்குள்
நாரியா மறுபடி தூங்கிப்போனாள்.
எனக்குத்தான் விடுமுறை இல்லை.
மூன்று மணிக்கொரு முறை
அடுப்பு அழும், கைக்குழந்தை மாதிரி.
கைக்குழந்தையாவது ஒருநாள் வளர்ந்துவிடும்.

மாட்டுத்தோல் அறைந்த கதவைத் திறந்தால்
குளிர் நுழைவதில்லை, உருண்டு வருகிறது,
தரையோடு தரையாக, வெள்ளையாக,
கட்டில் கால்வரை வந்து
மோந்து பார்க்கிறது.

எர்ச்சிம்,
நீ அடுக்கிவிட்டுப் போன லார்ச் சுவரைக்
கடைசி வரிசையிலிருந்து
முதல் வரிசை நோக்கி எரித்து வருகிறேன்.
நவம்பரில் உன் செப்டம்பர் எரிந்தது:
சுரங்கத்து லாரி வருமுன் முடிக்கவேண்டுமென்று
கணுகூடப் பார்க்காமல் வெட்டியவை.
ஈரம் சீறிச் சீறி,
புகைதான் மிச்சம்.
டிசம்பர் முழுக்க ஆகஸ்ட்.
கட்டை ஒவ்வொன்றிலும் கோடாலி
தேவைக்கு ஒருமுறை அதிகமாக விழுந்திருக்கிறது.
யாரை நினைத்து வெட்டினாய் என்று எனக்குத் தெரியும்.
அந்த மாதம் நாம் பேசிக்கொண்டது
உப்பு எங்கே, கத்தி எங்கே,
அவ்வளவுதான்.
உள்ளதைச் சொல்லவேண்டும்:
கோபத்தில் பிளந்த விறகு
நன்றாகத்தான் எரிகிறது.

ஏரியில் அறுத்த பனிப்பாளங்கள்
வாசலோரம் வரிசையாக நிற்கின்றன.
உடைத்து, பீப்பாயில் போட்டு,
தண்ணீராகும்வரை தாகத்தோடு இருக்கிறோம்.
பசுவின் மடிக்கு முயல்தோல் கட்டினேன்.
துவைத்துப் போட்ட போர்வை
பலகையாகிக் கதவோரம் சாய்ந்து நிற்க,
யாரோ விருந்தாளி என்று
நாய் அரைமணி நேரம் குரைத்தது.
நானும் ஒரு கணம்
எட்டிப் பார்த்தேன்.

இரவில் கடினமான வேலை ஒன்றே ஒன்று:
புகைபோக்கித் தகட்டை எப்போது மூடுவது.
முந்தினால்
மணமே இல்லாத அந்த வாயு
எங்களைத் தூக்கத்திலேயே முடித்துவிடும்.
பிந்தினால்
ஒரு மரத்தின் சூடு முழுவதும்
நட்சத்திரங்களுக்குப் போய்விடும்.
அவற்றுக்கு எதற்கு?
"நீலம் அடங்கட்டும்" என்பாய்.
தணல்மேல் தவழும் சின்ன நீலச் சுடர்
அணைந்தது என்று கையை நீட்டுவேன்,
இன்னொன்று தலை தூக்கும்.
குந்தியிருக்கிறேன்.
முதுகுக்குப் பின்னால் மகளின் மூச்சு.
இந்தப் பத்து நிமிடம் மட்டும்
நீ சொன்ன ஒரு சொல்லை
எழுத்துப் பிசகாமல் நம்புகிறேன்.

நேற்று ஜூலை வந்தது.
ஒரே நீளம், ஒரே கனம்,
கைக்கு இதமான கட்டைகள்.
இரண்டு வரிசைக்கு நடுவில்
உன் கையுறை ஒன்று,
விரல் மடங்கிக் கல்லாய் விறைத்து,
எதையோ விடமாட்டேன் என்பதுபோல.
அடுப்பின் பக்கம் வைத்தேன்.
இளக இளக வீடெங்கும் பிசின் மணம்.
உள்ளங்கையில் நசுங்கிய ஒரு கொசு.
வெளியே எச்சில் மண்ணில் விழுமுன் உறைகிறது,
இங்கே ஒரு கொசு!
நாரியா அதைக் கண்ணாடிச் சீசாவில் போட்டு
ஜன்னலில் வைத்திருக்கிறாள்,
கோடைக்குச் சாட்சியாக.

அப்பத்தின் முதல் துண்டை
வெண்ணெய் தொட்டு நெருப்புக்குக் கொடுத்தேன்.
நீ கொடுக்கும்போது
சிரித்தவள்தான்.
நெருப்பு அதையெல்லாம் மனதில் வைக்கவில்லை,
சட்டென்று வாங்கிக்கொண்டது.

ஜூலையை எரிக்க மனம் வரவில்லை
என்று எழுதினால் அழகாயிருக்கும்.
ஆனால் ஐம்பத்து நான்கில்
மனம் என்பது
விறகு எண்ணுகிற ஒரு கை.
எரித்தேன். நாரியா கால் நீட்டித் தூங்கினாள்,
பத்து நாளில் முதன்முறையாக.

இனி ஜூன் இருக்கிறது, கொஞ்சம் மே.
அடிவரிசை மண்ணோடு சேர்ந்து உறைந்துவிட்டது,
உதைத்துப் பார்த்தேன், அசையவில்லை.
பிப்ரவரியில் நீ வரும்போது
பேசவேண்டியது நிறைய இருக்கிறது,
ஆகஸ்டையும் சேர்த்து.
அதற்குமுன் சுரங்கத்து போனில்
இதை மட்டும் சொல்லிவிடு:
கடப்பாரை எங்கே?